விரலுக்குள் போய் வரும் வெளிச்சம்: ஒளி ப்ரோபை நாமே செய்து சோதிக்க ஒரு முழு வழிகாட்டி

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், உப்பு புளி மாதிரி பல்ஸ் ஆக்சிமீட்டரும் வீட்டுச் சாமான் ஆகியிருந்தது. ஒருநாள் காலை முற்றத்து ஓரம் உட்கார்ந்திருந்த அப்பத்தா விரலில் அதை மாட்டினேன். ரத்தத்தில் ஆக்சிஜன் 84 சதவீதம் என்று காட்டியது. அப்பத்தாவோ வெற்றிலையை இடித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கவில்லை, உதடு நீலமாகவில்லை. ஆனாலும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். அங்கே நர்ஸ் அப்பத்தாவின் கையைச் சூடு பறக்கத் தேய்த்து, வேறு விரலில் மாட்டி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினார். 97.

ஓடியது தப்பில்லை. குறைந்த எண் வந்தால் ஓடத்தான் வேண்டும். ஆனால் அந்த 84 எங்கிருந்து வந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. கல்லூரியில் இயற்பியல் லேப் பார்த்துக்கொள்கிறவன் நான். அதற்கப்புறம் மாணவர்களோடு சேர்ந்து, உடம்புக்குள் ஒளியை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கும் இந்த மாதிரி ப்ரோபுகளைச் செய்து, கெடுத்து, திரும்பச் செய்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். 84-க்கான விடை ஏழாம் படியில் வரும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே செய்வது கற்பதற்கான கருவி. இதை வைத்து யாருக்கும் மருந்து கொடுக்கவோ நிறுத்தவோ கூடாது. மனிதர்களிடம் முறையாக ஆய்வு நடத்த வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். விற்க நினைத்தால் 2017-ன் மருத்துவக் கருவி விதிகள் இருக்கின்றன.

படி 1: வாங்கும் முன் ஒரு டார்ச்

இருட்டான அறைக்குப் போய் செல்போன் டார்ச்சைப் போட்டு, அதன் மேல் விரலை அழுத்தமாக வையுங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். டார்ச் வெள்ளை, வருவது சிவப்பு. நீலத்தையும் பச்சையையும் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. சிவப்பு தப்பித்து வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விரல் எலும்பு நிழலாகத் தெரிகிறதா? தெரியாது. எலும்பு மட்டும் ஒளியை மறைப்பதில்லை, திசு முழுதுமே அதைச் சிதறடிக்கிறது. உள்ளே நுழைந்த ஒளி ஒரு மில்லிமீட்டர் போவதற்குள் பலமுறை முட்டித் திரும்பிவிடும். எக்ஸ்ரே மாதிரி நேர்கோட்டில் போய் வருகிற விஷயமே இல்லை இது.

இப்போது அதே டார்ச்சை எங்கள் பக்கத்துப் பழைய வீட்டுச் சுவரில் அடியுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு என்றால், டார்ச்சின் உருவமே சுவரில் தெரியும். அது மேற்பரப்பில் பட்டு அப்படியே திரும்பிய ஒளி, சுவருக்குள் என்ன இருக்கிறது என்று ஒன்றும் சொல்லாது. தோலிலும் இப்படி மேலோடு திரும்பும் ஒளி உண்டு. நமக்கு வேண்டியது உள்ளே போய், அலைந்து, எதையாவது இழந்து வந்த ஒளி. ப்ரோப் செய்கிறவனுக்கு வெளிச்சம் போடுவது சின்ன வேலை. வந்து சேரும் வெளிச்சத்தில் எதைக் கணக்கில் எடுப்பது, எதை வாசலிலேயே நிறுத்துவது என்பதுதான் முழு வேலையும்.

ஏறக்குறைய 650 முதல் 950 நானோமீட்டர் வரை உள்ள பகுதியில் திசு ஓரளவு வழிவிடும். அதற்குக் கீழே ஹீமோகுளோபின் தடுக்கும், மேலே தண்ணீர் தடுக்க ஆரம்பிக்கும். இந்த இடைவெளிக்குள் ஒரு வசதி இருக்கிறது. 660 நானோமீட்டர் சிவப்பில், ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் ஆக்சிஜன் ஏறியதைவிடச் சுமார் பத்து மடங்கு அதிகமாக ஒளியை உட்கவரும். 800 பக்கத்தில் இரண்டும் சமம். 880, 940-இல் ஆக்சிஜன் ஏறியதுதான் சற்று அதிகம். இரண்டு நிறத்தில் பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

ஆனால் தோல், கொழுப்பு, எலும்பு எல்லாம் சேர்ந்து தடுக்கிறபோது ரத்தத்தின் பங்கை மட்டும் எப்படிப் பிரிப்பது? ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாகுவோ அவோயாகி 1970-களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார். நாடித் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதி தமனி ரத்தத்தால் வருவது. அசையாமல் இருப்பது மற்ற எல்லாம். அசைவதை அசையாததால் வகுத்தால் போதும். வேறொரு சோதனையில் அவருக்குத் தொல்லை கொடுத்த நாடி அலைதான் இந்த யோசனையைக் கொடுத்தது. அவர் 2020 ஏப்ரலில் காலமானார். அவர் கருவியை உலகமே விரலில் மாட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்த நேரம் அது.

படி 2: வேண்டிய சாமான்

மேக்ஸ் 30102 சென்சார் மாட்யூல் ஒன்று. இதற்குள்ளேயே 660 நானோமீட்டர் சிவப்பு எல்இடி, 880 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி, ஒளி உணர்வி, அது உணர்ந்ததை எண்ணாக்கும் 18 பிட் மாற்றி எல்லாம் இருக்கின்றன. சென்சாரைப் படித்து லேப்டாப்புக்கு அனுப்ப இஎஸ்பி 32 போர்டு ஒன்று. பிரெட்போர்டு, ஜம்பர் வயர், கருப்பு ஃபோம் ஷீட், கருப்பு இன்சுலேஷன் டேப், வெல்க்ரோ பட்டை. இரண்டாவது ப்ரோபுக்கு ஓபிடி 101 ஒளி உணர்வி ஐசி, 660 மற்றும் 850 நானோமீட்டர் எல்இடிகள், 150 ஓம் ரெசிஸ்டர்கள், ஏடிஎஸ் 1115 மாற்றி. காரைக்குடியில் தேடி அலைய வேண்டாம், ஆன்லைனில் எல்லாம் கிடைக்கும். கருப்பு ஃபோம் மட்டும் ஸ்டேஷனரி கடையிலேயே உண்டு. கடைக்காரர் பளபளப்பானதை எடுத்துக் காட்டுவார். மங்கலானதைக் கேளுங்கள்.

லேசர் பாயின்டர் வேண்டாம். அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் கண் தானாக மூடிக்கொள்ளாது. எல்இடியானாலும் உற்றுப் பார்க்காதீர்கள். எரிகிறதா என்று பார்க்க செல்போனின் முன்பக்கக் கேமரா போதும், பெரும்பாலான போன்களில் அது மங்கலான ஊதாவாகத் தெரியும்.

படி 3: இணைப்பு

மேக்ஸ் மாட்யூலின் மின்பின்னை இஎஸ்பி 32-ன் 3.3 வோல்ட்டில், தரையைத் தரையில், தகவல் போகும் எஸ்டிஏ பின்னை 21-இல், தாளம் கொடுக்கும் எஸ்சிஎல் பின்னை 22-இல். நான்கே வயர். ஆர்டுயினோ மென்பொருளில் ஸ்பார்க்ஃபன் வெளியிட்ட மேக்ஸ் 3010 வகை லைப்ரரியைப் போட்டு, அதன் முதல் உதாரணத்தை ஓட்டுங்கள்.

"சென்சார் கிடைக்கவில்லை" என்று வந்தால் உடனே கடைக்காரரைத் திட்ட வேண்டாம். முதலில் சால்டரிங்கைப் பாருங்கள், மாட்யூலோடு வரும் பின் வரிசையைச் சும்மா செருகி வைத்தால் வேலை செய்யாது. அதுவும் சரி என்றால் அடுத்த சந்தேகம், சில மலிவு மாட்யூல்களில், வயரின் வோல்ட்டை மேலே இழுத்துப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டர்களை 1.8 வோல்ட்டில் கட்டியிருப்பார்கள் என்பது. 3.3 வோல்ட் போர்டு அந்த மட்டத்தை உயர்நிலை என்று ஏற்காமல் போகலாம். மீட்டரில் எஸ்டிஏ வயரை அளந்து 1.8 வந்தால் காரணம் அதுதான். எங்கள் லேபில் ஒரு மதியம் முழுக்க இதில் போயிருக்கிறது.

சோதனையின்போது லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும். விரல் தொடும் கருவியைச் சுவர் மின்சாரத்தோடு இணைக்காமல் இருப்பது நல்ல பழக்கம்.

படி 4: கூடு, பிடி, முதல் அலை

மாட்யூலை மேஜையில் வைத்து விரலால் அமுக்கினால் ஏதோ அலை வரும். அதில் பாதி உங்கள் கை நடுக்கம். ஃபோம் ஷீட்டில் சென்சார் அளவுக்கு ஓட்டை வெட்டி, மாட்யூல் அதற்குள் உட்காரும்படி ஒட்டுங்கள். விரலின் இரண்டு பக்கமும் ஃபோம் சுவர் எழும்ப வேண்டும். மேலே வெல்க்ரோ.

எவ்வளவு இறுக்கம்? இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். அலை சரியாக வரவில்லை என்றால் கை தானாக இன்னும் அமுக்கும். அமுக்கினால் நுண்குழாய்களிலிருந்து ரத்தம் வெளியேறும், துடிப்பு சின்னதாகும், அதனால் இன்னும் அமுக்குவோம். விரல் நுனி வெளுத்தால் இறுக்கம் அதிகம். விரலை அசைத்தால் சென்சார் மேல் வழுக்கினால் குறைவு. இரண்டுக்கும் நடுவில், வெல்க்ரோவில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் அடுத்த முறை அதே இறுக்கம் கிடைக்கும்.

தொடக்க அமைப்பு: எல்இடி அளவு 31 (ஏறக்குறைய 6 மில்லி ஆம்பியர்), நொடிக்கு 400 அளவீடு, நான்கு நான்காகச் சராசரி, துடிப்பு அகலம் 411 மைக்ரோவினாடி. 18 பிட் என்பதால் எண் அதிகபட்சம் 262143 வரை போகும். விரல் வைத்தபோது ஒரு லட்சத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் நடுவில் நின்றால் நல்லது. உச்சத்தைத் தொட்டு நின்றுவிட்டால் எல்இடியைக் குறையுங்கள்.

ஆர்டுயினோ மென்பொருளில் எண்களைக் கோடாக வரைந்து காட்டும் சீரியல் பிளாட்டரில் அலை தலைகீழாக இருக்கும். இதயம் துடித்து ரத்தம் விரலுக்கு வரும்போது ஒளி குறைகிறது, அதனால் பள்ளம். மைனஸ் ஒன்றால் பெருக்கிப் போட்டால் புத்தகத்தில் உள்ள படம் மாதிரி நிமிரும். இறங்கும் பக்கத்தில் ஒரு சின்ன முடிச்சு தெரிந்தால் கூடு நன்றாக அமைந்துவிட்டது என்று அர்த்தம். மணிக்கட்டு நாடியை ஒரு நிமிடம் எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான் இதை வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில் வைத்து முதன்முதலில் ஓட்டியபோது அப்பத்தா கேட்டார், "என்னப்பு, விரலுக்கு டார்ச் அடிச்சு என்னத்தக் கண்டுபிடிக்கப் போற?" திரையில் ஓடும் அலை அவருடையதுதான் என்றதும், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார், "நிக்காம ஓடுதுல்ல, அது போதும்."

படி 5: சொந்தமாக ஒரு ப்ரோப்

மேக்ஸ் சென்சார் வசதியானது, ஆனால் எல்லாவற்றையும் உள்ளேயே செய்துவிட்டு எண்ணை மட்டும் கொடுக்கும். அறை வெளிச்சத்தைக் கழிப்பது உட்பட. கற்க வேண்டுமென்றால் மூடியைத் திறந்த ஒரு ப்ரோபும் வேண்டும்.

ஓபிடி 101-இல் ஒளி உணர்வியும் பெருக்கியும் ஒரே சில்லில் இருக்கின்றன. உள்ளேயே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் உண்டு. 1-ஆம் பின் 3.3 வோல்ட், 3-உம் 8-உம் தரை, 4-ஐயும் 5-ஐயும் சேர்த்தால் அங்கே வெளியீடு. அதை ஏடிஎஸ் 1115-க்குக் கொடுங்கள். இஎஸ்பி 32-லேயே மாற்றி இருக்கிறதே என்று கேட்கலாம். அது நேர்கோடாக அளக்காது, இந்த வேலைக்கு வேண்டாம்.

அட்டையில் ஓபிடி 101-ஐப் பொருத்தி, அதிலிருந்து 10, 15, 20 மில்லிமீட்டர் தூரத்தில் எல்இடி ஜோடிகளை வையுங்கள். ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர், தனிப் பின். எல்இடிக்கும் உணர்விக்கும் நடுவே ஃபோம் சுவர் கட்டாயம். அது தோலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒளி தோலுக்குள் போகாமல் அட்டைக்கும் தோலுக்கும் நடுவே குறுக்கு வழியில் வந்து சேரும். அந்தக் குறுக்கு ஒளி பெரியதாக இருக்கும், ஆனால் திசுவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

தூரம் ஏன் முக்கியம்? எல்இடியிலிருந்து உணர்விக்கு வந்து சேரும் ஒளிப் பாதைகளைச் சேர்த்து வரைந்தால் வாழைப்பழ வடிவம் வரும். அது இறங்கும் ஆழம், இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை. 10 மில்லிமீட்டர் பெரும்பாலும் தோலையும் அதற்கு அடியிலுள்ள கொழுப்பையும் பார்க்கும். 20 இன்னும் கீழே போகும், ஆனால் திரும்பி வரும் ஒளி மிகவும் குறைந்துவிடும். ஆழம் வேண்டுமானால் வெளிச்சத்தை இழக்க வேண்டும், இதில் பேரம் கிடையாது.

படி 6: வேண்டாத வெளிச்சத்தைப் பிடிப்பது

செட்டிநாட்டு வீட்டில் இந்தப் பாடத்தைக் கற்பதற்கு ஒரு தனி வசதி உண்டு. வீட்டுக்கு நடுவிலேயே வானம் இருக்கிறது. முற்றத்தில் இறங்கும் வெயில் வளவு முழுக்கப் பரவும். வெயிலில் அகச்சிவப்பு ஏராளம். மேகம் ஒன்று கடந்தால் திரையில் கோடு சரியும், ஆள் குறுக்கே நடந்தால் இன்னொரு சரிவு.

ராத்திரி செய்தால் தொல்லை இல்லை என்று நினைத்தோம். புதிய ப்ரோபை மாணவர் ஒருவர் முன்கையில் கட்டி, டியூப்லைட் வெளிச்சத்தில், நொடிக்கு 100 அளவீடு வீதம் ஓட்டினோம். நாடி அலை மங்கலாக இருந்தது. ஆனால் அதற்கு அடியில், ஐந்து நொடிக்கு ஒருமுறை, அழகான மெதுவான அலை. நிமிடத்துக்கு 12. "சார், மூச்சு தெரியுது சார்!" என்றார் மாணவர். எனக்கும் சந்தோஷம். மூச்சு நாடி அலையை மெல்ல ஆட்டுவது உண்மையில் உண்டு, நூல்களில் படித்ததுதான்.

அப்புறம் ப்ரோபைக் கழற்றி மேஜையில் வைத்தோம். மேஜையும் நிமிடத்துக்கு 12 முறை மூச்சு விட்டது.

காரணம் இதுதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை கூடிக் குறையும், அதாவது நொடிக்கு 100 முறை. மின்சாரம் துல்லியமாக 50-லேயே நிற்காது. 49.9-க்கு இறங்கினால் விளக்கு 99.8 முறை துடிக்கும். நாம் 100 முறை அளக்கிறோம். இரண்டுக்கும் வித்தியாசம் 0.2. ஐந்து நொடிக்கு ஒருமுறை ஒரு பொய் அலை. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுகிற மாதிரி.

சரி செய்ய இரண்டு வேலை. முதலாவது, இருட்டைக் கழிப்பது. சிவப்பை எரித்து ஒரு அளவு, அணைத்து ஒரு அளவு, அகச்சிவப்பை எரித்து ஒரு அளவு, அணைத்து ஒரு அளவு. எரிந்ததிலிருந்து அணைந்ததைக் கழித்தால் அறை வெளிச்சம் பெரும்பாலும் போய்விடும். ஏடிஎஸ் 1115-ஐ நொடிக்கு 860 அளவீட்டில் வைத்தால், நான்கையும் 8 மில்லிவினாடிக்குள் முடிக்கலாம். இரண்டாவது, அந்த 8 மில்லிவினாடிச் சுற்றையே தாளமாக வைப்பது. நொடிக்கு 125 சுற்று. அப்போது விளக்கின் மிச்சம் 25 ஹெர்ட்ஸ் பக்கம் போய் விழும். நாடி அலை 5 ஹெர்ட்ஸுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுவதால், மெதுவான அலையை மட்டும் விடும் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் மிச்சத்தை வடிகட்டிவிடும்.

ஆனால் வெயில் உணர்வியை உச்சத்தில் முட்ட வைத்துவிட்டால் எந்தக் கழித்தலும் உதவாது. நிரம்பி வழிகிற குடத்தில் எவ்வளவு ஊற்றினோம் என்று எப்படிச் சொல்வது? அதற்குக் கருப்புத் துணிதான். அந்த நர்ஸ் போட்டது அதுதான்.

இப்படி ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். புதிய அலை எது தெரிந்தாலும் ப்ரோபைக் கழற்றி மேஜையில் வைத்துப் பாருங்கள். மேஜையிலும் வந்தால் அது உடம்பிலிருந்து வரவில்லை.

படி 7: 84-ன் கணக்கு

இனி எண். சிவப்பில் அசையும் பகுதியை அசையாத பகுதியால் வகுங்கள். அகச்சிவப்பிலும் அப்படியே. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு விகிதம். உதாரணமாக, சிவப்பில் அசையாதது 1,20,000, அசைவது 600: அரை சதவீதம். அகச்சிவப்பில் 1,50,000-க்கு 1,500: ஒரு சதவீதம். விகிதம் 0.5. தோராயமாக ஆக்சிஜன் செறிவு 110-லிருந்து 25 மடங்கு விகிதத்தைக் கழித்தது. அதாவது 97.5.

இந்தச் சமன்பாடு கோட்பாட்டிலிருந்து வந்ததல்ல. திசு ஒளியைச் சிதறடிப்பதால் வெறும் உட்கவர்தல் கணக்கு சரியாக வராது. தயாரிப்பாளர்கள் தன்னார்வலர்களின் ஆக்சிஜனைக் கட்டுப்பாட்டோடு குறைத்து, தமனி ரத்தத்தை எடுத்துச் சோதித்து, கருவி காட்டும் விகிதத்தோடு பொருத்தி அட்டவணை தயாரிக்கிறார்கள். அது மருத்துவமனைக்குள் நடக்க வேண்டிய வேலை. வீட்டில் மூச்சைப் பிடித்து எண்ணை இறக்கிப் பார்க்க வேண்டாம். நுரையீரலில் நடப்பது விரலுக்கு வந்து சேரப் பல நொடிகள் ஆகும், அதற்குள் தலை சுற்றிவிடும்.

இப்போது அப்பத்தாவின் விரல். கை சில்லென்று இருந்தது, நாடி அலை மிகச் சின்னது. முற்றத்து வெயில் பக்கவாட்டில் நுழைகிறது, வெற்றிலை இடிக்கும் கை ஆடுகிறது. ஆட்டம் சிவப்பையும் அகச்சிவப்பையும் ஒரே அளவில்தான் அசைக்கும். இரண்டிலும் ஒரே அளவு அசைவு என்றால் விகிதம் 1. 110-லிருந்து 25 போனால் 85. கருவி ரத்தத்தை அளக்கவே இல்லை, ஆட்டத்தை அளந்து 85-க்குப் பக்கத்தில் ஒரு எண்ணைச் சொன்னது. மங்கலான அலையோடு 85-ஐச் சுற்றி ஒரு எண் நின்றால் கையைச் சூடாக்கி, அசையாமல் வைத்து, மூடி, மறுபடி பாருங்கள். அப்போதும் குறைவாகவே இருந்தால், அல்லது ஆளுக்கு மூச்சுத் திணறல் இருந்தால், சமன்பாட்டை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

நேர் எதிரான ஏமாற்றும் உண்டு. மூடிய அறையில் கரி அடுப்பு, ஜெனரேட்டர் புகை என்று கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறியவருக்கு இந்த இரண்டு நிறக் கருவி நல்ல எண்ணையே காட்டும். 660-இல் அந்த ஹீமோகுளோபின் ஆக்சிஜன் ஏறியதைப் போலவே நடந்துகொள்ளும்.

படி 8: கடல்பாசித் திசு

மனித விரல் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ப்ரோப் மாறியதா விரல் மாறியதா என்று தெரிய, மாறாத ஒரு போலித் திசு வேண்டும். ஆய்வகங்களில் ஜெலட்டின் அல்லது அகரில், சிதறலுக்குக் கொழுப்புக் கரைசலோ டைட்டானியம் டை ஆக்சைடோ, உட்கவர்தலுக்கு இந்தியன் இங்க்கும் சேர்ப்பார்கள். நம் சமையலறையில் அகர் என்றால் கடல்பாசி. கொழுப்புத் துளிகள் என்றால் பால்.

200 மில்லி தண்ணீரில் 3 கிராம் கடல்பாசித் தூளைப் போட்டு முழுதும் கரையும் வரை கொதிக்க வையுங்கள். இறக்கி, 60 டிகிரி பக்கம் ஆறியதும், வெதுவெதுப்பான 200 மில்லி பாலைக் கலக்குங்கள். பால் ஃப்ரிட்ஜிலிருந்து அப்படியே வந்தால் கடல்பாசி பட்ட இடத்திலேயே கட்டி கட்டும். 40 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும் என்பதால் கை வேகமாக ஓட வேண்டும். இங்க்கை முன்பே நூறு மடங்கு நீர்த்து வைத்துக்கொண்டு, இப்படிச் செய்த மூன்று டப்பாக்களுக்கு ஊசிக்குழாயால் 0, 4, 8 மில்லி. குறைந்தது 4 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். எவர்சில்வர் டப்பா ஆகாது, அதன் சுவர் ஒளியைத் திருப்பி அடிக்கும். பிளாஸ்டிக் டப்பாவின் உள்ளே கருப்பு ஷீட் ஒட்டுங்கள். மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மூன்றாம் நாள் நாற்றம் ஆரம்பித்துவிடும். அதைப் பாயசம் என்று நினைத்து யாரும் தொடாதபடி எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட நடந்துவிட்டது.

முதல் முறை நான் இந்தியன் இங்க் தீர்ந்துவிட்டதென்று நீல நிறப் பேனா மையை ஊற்றினேன். சிவப்பு அளவு எதிர்பார்த்தபடி இறங்கியது. அகச்சிவப்போ கொஞ்சமும் அசையவில்லை. எல்இடி போய்விட்டது என்று மாற்றினேன், வயரை மாற்றினேன். கடைசியில்தான் உறைத்தது. பேனா மை ஒரு சாயம், சிவப்பை விழுங்கி அகச்சிவப்பை விட்டுவிடும். இந்தியன் இங்க் கரித்தூள், எல்லாவற்றையும் விழுங்கும். தவறுதான், ஆனால் இப்போது வேண்டுமென்றே செய்து காட்டுகிறேன், ஏனென்றால் ஆக்சிஜன் இழந்த ரத்தமும் இப்படித்தான் சிவப்பை அதிகமாகவும் அகச்சிவப்பைக் குறைவாகவும் விழுங்குகிறது. கவுனி அரிசி ஊறவைத்த தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். கண்ணுக்குக் கருஞ்சிவப்பு, ஆனால் அதன் நிறமி பச்சையைத்தான் பிடிக்கும். ப்ரோபின் இரண்டு நிறமும் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாது.

கணக்கு இப்படி. மூன்று தூரத்திலும் வந்த ஒளியளவை அந்தந்தத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, லாக் எடுத்து, தூரத்துக்கு எதிராக வரையுங்கள். ஏறக்குறைய நேர்கோடு வரும். அதன் சரிவு, ஒளி எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதன் அளவு. மூன்று தூரத்து எல்இடிகளும் ஒரே பிரகாசத்தில் இல்லாவிட்டால் கோடு வளையும். அப்போது ஒரே எல்இடியை இடம் மாற்றி மாற்றி வைத்து அளங்கள். இங்க் கூடக் கூடச் சரிவு செங்குத்தாக வேண்டும். ஆகவில்லை என்றால் ஃபோம் சுவரில் ஓட்டை இருக்கிறது.

படி 9: மனிதர்கள்

போலித் திசுவில் தேறிய பிறகு ஆட்கள். சூடான கை, குளிர்ந்த கை, வயல் வேலை செய்து தோல் தடித்த விரல், வெவ்வேறு நிறத் தோல், எல்லாம் வேண்டும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதன் மேலடுக்கில் இருக்கிறது. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஒளி அதைக் கடக்க வேண்டும், அகச்சிவப்பைவிடச் சிவப்பையே அது அதிகம் தடுக்கும். இது சும்மா கோட்பாடு இல்லை. 2020-இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு, ஆக்சிஜன் குறைந்திருப்பதைப் பல்ஸ் ஆக்சிமீட்டர் தவறவிடுவது, வெள்ளையர்களைவிடக் கருப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. நம் ஊரில் ஒரே வீட்டிலேயே நான்கு நிறம் இருக்கும். ஒரே நிறக் கையில் மட்டும் சோதித்த ப்ரோபை நான் ப்ரோப் என்றே எண்ண மாட்டேன்.

கல்யாண வீட்டிலிருந்து வந்தவர் என்றால் மருதாணி. அது பெரும்பாலும் நீலப் பக்கத்தைப் பிடிப்பதால் பச்சை ஒளி வைத்த கைக்கடிகாரங்களுக்குத் தொல்லை கூட இருக்கலாம். கடைக் கூம்பில் வரும் கருப்பு மருதாணியில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சாயம் படாத விரலை எடுங்கள். நகப்பூச்சுக்கும் அதே பதில்.

"சார், இதுலயே சுகர் பாக்கலாமா?" என்று மாணவர்கள் கேட்காத வருடம் இல்லை. முடியாது. விரலில் குத்தி ரத்தச் சொட்டு வைக்கும் பட்டைகள் பெரும்பாலும் மின்வேதி முறையில் வேலை செய்பவை. 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது, அந்த வகைச் சென்சாரைப் பற்றிப் படிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது? குத்தாமல் சர்க்கரை காட்டும் கைக்கடிகாரம் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. விளம்பரத்தைப் பார்த்து வாங்கியவர்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள்.

ஒளியால் வேறு பலதும் பார்க்கிறார்கள். பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையை நெற்றியில் தொட்டு அளக்கும் கருவி நீலத்தையும் பச்சையையும் ஒப்பிடுகிறது. கண் மருத்துவமனையில் விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி 1991-இல் அறிமுகமானது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கண்ட சிதறலைத் திசுவின் மூலக்கூறுகளை அடையாளம் காணப் பயன்படுத்துகிறார்கள், தண்ணீர் அதில் அதிகம் குறுக்கிடாது என்பதால். வாய்க்குள் நீல ஒளி அடித்து, நல்ல திசு பச்சையாக ஒளிர்வதையும் சந்தேகமான இடம் இருண்டு தெரிவதையும் பார்க்கும் முறையும் உண்டு. வெற்றிலை புகையிலைப் பழக்கமுள்ள ஊர்களுக்கு அது முக்கியம்தான், ஆனால் சாதாரணப் புண்ணும் இருண்டு தெரியும். இவை எதையும் வீட்டில் முயல வேண்டாம்.

படி 10: கடைக் கருவியோடு ஒப்பிடுதல்

கடைசியாக, கடையில் வாங்கிய ஆக்சிமீட்டரை நடுவிரலிலும் உங்கள் ப்ரோபை ஆள்காட்டி விரலிலும் மாட்டி ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். நோட்டில் நேரம், எந்த விரல், கை சூடா குளிரா, வெல்க்ரோ எந்தக் கோட்டில், எந்த விளக்கு எரிந்தது, இரண்டு எண்கள், எல்லாம் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு எண் ஏன் அப்படி வந்தது என்று யோசிக்கும்போது "எந்த விளக்கு" என்ற வரிதான் பெரும்பாலும் காப்பாற்றும்.

கடைக் கருவிக்கும் பிழை உண்டு. 70 முதல் 100 வரையிலான வரம்பில் 4 சதவீதப் புள்ளிகள் வரை பிழையைச் சர்வதேசத் தரமே ஏற்கிறது. ஆகவே ஒன்றிரண்டு எண் வித்தியாசத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நாடி எண்ணிக்கை மட்டும் பொருந்த வேண்டும். அதுவே பொருந்தவில்லை என்றால் சமன்பாட்டைத் தொடாமல் முதலில் ஃபோமைப் பாருங்கள், அப்புறம் வெல்க்ரோ, அப்புறம் துணி.